புதிய காபி மலைகளும் எங்கள் சிறு கடைகளும்: காபி வாரியத்துக்கு ஒரு திறந்த மடல்

இந்தியக் காபி வாரியத்தின் தலைவர், செயலர், உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

மதுரையில் காபிக்கொட்டை வறுத்து அரைத்து விற்கும் ஒரு சிறு கடையிலிருந்து இதை எழுதுகிறேன். எங்களிடம் வாங்குபவர்கள் அக்கம்பக்கத்துக் குடும்பங்கள், சில மெஸ்கள், டீக்கடைகள், கல்யாணச் சமையல்காரர்கள். கால் கிலோ, அரைக் கிலோ வியாபாரம்தான். இந்த மாதிரிக் கடை தமிழ்நாட்டில் ஊருக்கு ஊர் இருக்கிறது. அத்தனை பேர் சார்பிலும் பேச எனக்கு யாரும் அதிகாரம் தரவில்லை. ஆனாலும் கொட்டை வாங்கும் இடத்தில் நான் சந்திக்கிற கடைக்காரர்கள் எல்லோரும் ஒரே குறையைத்தான் சொல்கிறார்கள் என்பதால் எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். கர்நாடகம், கேரளம், தமிழ்நாடு என்ற பழைய வட்டத்தைத் தாண்டிக் காபி போவதை நான் எதிர்க்கவில்லை, மனதார வரவேற்கிறேன். ஆந்திரத்தில் அரக்கு, பாடேரு, சிந்தப்பள்ளி மலைகளில் காட்டை வெட்டி எரித்து இடம் மாறி மாறிப் பயிர் செய்த பழங்குடிக் குடும்பங்கள் இன்று சில்வர் ஓக் மர நிழலில் அராபிக்கா என்ற மணமுள்ள காபி வகையை வளர்க்கிறார்கள். நிழல் மரத்திலேயே மிளகுக் கொடியையும் ஏற்றிவிடுகிறார்கள். அந்த அராபிக்காவுக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதற்கு இரண்டு ஆண்டு முன்பே பாரிஸில் அரக்குப் பெயரில் ஒரு காபிக் கடை திறந்திருந்தார்கள். ஒடிசாவின் கோராபுட்டிலும் நாகாலாந்திலும் காபி வேர் பிடித்திருக்கிறது. இதில் உங்கள் வாரியத்தின் நாற்று, மானியம், பயிற்சி எல்லாவற்றுக்கும் பங்கு உண்டு.

எங்களைப் போன்ற கடைகளுக்கும் இந்தப் பரவல் தேவை. நாட்டின் காபியில் சுமார் 70 சதவீதம் கர்நாடகம் ஒன்றிலிருந்தே வருகிறது. 2018 ஆகஸ்டில் குடகு மலை சரிந்தபோது அங்கே தோட்டக்காரர் பட்ட துயரத்தோடு ஒப்பிட்டால் எங்களுடையது ஒன்றுமே இல்லை. ஆனால் கொட்டைக்கு ஒரே திசையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம் என்பது அப்போது எங்களுக்கு உறைத்தது. காபிச் செடி பூப்பதற்கு வேண்டிய கோடை மழை ஓரிடத்தில் தவறினால் இன்னோரிடம் கை கொடுக்க வேண்டும். அதற்குக் காபி பல மலைகளில் விளைய வேண்டும்.

சரி, அப்புறம் என்ன குறை? விரிவாக்கம் பற்றி வாரியமும் அரசும் பேசும்போதெல்லாம் எத்தனை ஏக்கர், எத்தனை டன், எத்தனை டாலர் என்றுதான் கேட்கிறோம். அந்தப் பேச்சில் நடுகிறவர் இருக்கிறார், ஏற்றுமதியாளர் இருக்கிறார். உள்ளூரில் இரண்டு மூட்டை வாங்கி வறுக்கிறவர் எங்குமே இல்லை. இந்தியக் காபியில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் வெளிநாடு போகிறது. அதனால் நான் வாங்கும் ரோபஸ்டா என்ற கடுமையான சுவையுள்ள வகையின் விலை லண்டன் சந்தையிலும், அராபிக்காவின் விலை நியூயார்க் சந்தையிலும்தான் முடிவாகிறது. கோராபுட்டில் இன்னும் ஆயிரம் ஏக்கர் நட்டாலும் அந்தக் கொட்டை நேராகத் துறைமுகத்துக்குப் போனால் மதுரையில் இருக்கும் எனக்கு அது விளைந்ததும் ஒன்றுதான், விளையாததும் ஒன்றுதான்.

2024-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். வியட்நாமில் வறட்சி, அங்கே பல விவசாயிகள் ஏற்கெனவே காபியை விட்டுவிட்டு துரியன் பழத்துக்கு மாறியிருந்தார்கள். பிரேசிலிலும் மழை பொய்த்தது. அந்த ஏப்ரலில் இங்கே ரோபஸ்டா செர்ரி 50 கிலோ மூட்டை பத்தாயிரம் ரூபாயைத் தாண்டியது. வெளியே இருப்பவர்களுக்கு இந்த எண்ணின் எடை தெரியாது, அதனால் விரித்துச் சொல்கிறேன். செர்ரி என்பது தோலோடு உலர்த்திய பழம். 50 கிலோவைத் தோல் நீக்கினால் கொட்டை 26 கிலோ தேறும். அதை வறுத்தால் ஈரம் போய் எடை ஐந்தில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் குறைவாக இறங்கும், 21 கிலோ சொச்சம் கைக்கு வரும். ஆக, வண்டி வாடகை, கேஸ், கூலி, கடை வாடகை எதுவும் சேராமலே வறுத்த கொட்டை கிலோ 470 ரூபாய். இத்தனைக்கும் இது ரோபஸ்டா. பீபரி, பிளான்டேஷன் ஏ என்ற உயர்தரக் கொட்டைகளைக் கேட்கிறவர்களுக்கு என்ன விலை சொல்வது? 2025 பிப்ரவரியில் நியூயார்க்கில் அராபிக்கா பவுண்டுக்கு நான்கு டாலரைத் தாண்டியது. 1977-இல் ஏறிய பழைய உச்சத்தையே அது கடந்துவிட்டது.

பெரிய நிறுவனங்களுக்கு விலையை முன்கூட்டியே பேசி வைக்கும் முன்பேர ஒப்பந்தம் இருக்கிறது, கிடங்கில் மாதக் கணக்கில் சரக்கு இருக்கிறது, வங்கிக் கடன் இருக்கிறது. எங்களுக்கு இருப்பது கல்லாப்பெட்டியில் அந்த வாரம் சேர்ந்த பணம். விலை இரட்டிப்பானால் அதே பணத்துக்குப் பாதி மூட்டைதான் வரும். அரைக் கிலோ வாங்கிய வீடு கால் கிலோ கேட்கும். மெஸ்காரர் கணக்கை அடுத்த மாதத்துக்குத் தள்ளுவார். விலை இறங்கும்போதாவது நிம்மதி உண்டா என்றால் அதுவும் கிடையாது. ஏறின விலையில் வாங்கிய மூட்டை கடையில் இருக்கும்போதே செய்தித்தாளில் விலைச் சரிவு வந்துவிடும், வாடிக்கையாளர் மறுநாளே குறைக்கச் சொல்வார். கேட்பது நியாயம்தான். நஷ்டம் எங்களுடையது.

இந்த நெருக்கடியில்தான் சிக்கரி கூடுகிறது. சட்டப்படி காபி-சிக்கரிக் கலவையில் காபி 51 சதவீதத்துக்குக் குறையக் கூடாது. அதாவது 49 சதவீதம் வரை சிக்கரி சேர்க்கலாம், அளவைப் பொட்டலத்தில் போட்டால் போதும். 80-க்கு 20 கலந்து குடித்துப் பழகிய வீட்டில், விலை ஏறாமல் இருக்க ஓசையின்றி 60-க்கு 40 ஆகிவிடுகிறது. வாடிக்கையாளர் கண்ணெதிரில் அரைத்துக் கலந்து தரும் கடைக்காரரால் இதைச் செய்யவும் முடியாது, செய்யாமல் விலைப் போட்டியில் நிற்கவும் முடியாது. காபியில் அக்கறையுள்ள வியாபாரிதான் இதில் முதலில் அடிபடுகிறார்.

இப்படி விலை ஏறும் காலத்தில்தான் எல்லா நாடுகளுக்கும் புதிய இடத்தில் நடும் ஆசை வருகிறது. நட்ட செடி காய்க்க மூன்று நான்கு ஆண்டு ஆகும், முழு விளைச்சலுக்கு இன்னும் கூட. அன்று எல்லா நாட்டுச் செடியும் ஒன்றாகக் காய்க்கும், கொட்டை குவிந்து விலை விழும்.

இதை நாம் ஏற்கெனவே பார்த்தாயிற்று. வியட்நாம் 1986-இல் பொருளாதாரத்தைத் திறந்துவிட்ட பிறகு, டாக் லாக் முதலிய நடு மேட்டுநிலப் பகுதிகளில் சமவெளி மக்களைக் குடியேற்றி ரோபஸ்டாவை நட்டுத் தள்ளினார்கள். காடு போனது, நிலத்தடி நீரை உறிஞ்சிப் பாய்ச்சினார்கள். 1990-க்கும் 2000-க்கும் இடையில் அந்நாட்டின் விளைச்சல் ஏறத்தாழ பத்து மடங்கானது. கொலம்பியாவைத் தாண்டி உலகில் இரண்டாம் இடம் பிடித்தது. நாடுகளுக்கு இவ்வளவுதான் ஏற்றுமதி என்று வரம்பு வைத்திருந்த சர்வதேசக் காபி ஒப்பந்தம் 1989-லேயே முறிந்திருந்ததால் தடுப்பாரில்லை. 2001-இல் நியூயார்க் விலை பவுண்டுக்கு 50 சென்டுக்கும் கீழே விழுந்தது. குடகிலும் வயநாட்டிலும் தோட்டக்காரர்கள் கடனில் மூழ்கினார்கள். 2002-இல் சிறப்புக் காபிக் கடன், 2010-இல் கடன் நிவாரணத் தொகுப்பு என்று அரசு வருடக்கணக்கில் அந்தப் பள்ளத்தை நிரப்ப வேண்டியிருந்தது. அந்தக் கோப்புகள் உங்கள் அலுவலகத்திலேயே இருக்கும்.

அப்போது குடகில் நான்கு தலைமுறையாகக் காபி வளர்த்தவர்களே திணறினார்கள். நாளை அப்படி ஒரு சரிவு வந்தால், இரண்டு ஏக்கரில் காபியை நம்பி மற்ற பயிரைக் குறைத்துக்கொண்ட அரக்குக் குடும்பம் என்ன செய்யும்? ஏற்றுமதியாளர் அந்த ஆண்டு வேறு நாட்டுக் கொட்டையைப் பார்த்துக்கொள்வார். ஆனால் விலை விழுந்தாலும் ஏறினாலும் மதுரையிலும் சேலத்திலும் கும்பகோணத்திலும் காலையில் டிக்காஷன் இறங்கத்தான் போகிறது. விலை விழும் வருடத்திலும் அந்தக் குடும்பத்திடம் வாங்கக்கூடியவர்கள் நாங்கள். இப்போதே அந்தத் தொடர்பை உண்டாக்கி வைத்தால்தான் அன்றைக்கு அது உதவும்.

இது நான் புதிதாகக் கண்டுபிடித்த யோசனை அல்ல. உங்கள் வாரியம் பிறந்ததே இப்படித்தான். இரண்டாம் உலகப் போரில் ஐரோப்பியச் சந்தை மூடிக்கொண்டு, கொட்டை தோட்டத்திலேயே தேங்கியபோது, உள்நாட்டில் விற்றுத் தோட்டக்காரரைக் காப்பாற்றத்தான் 1940-இல் அவசரச் சட்டமும் 1942-இல் காபிச் சட்டமும் வந்தன. ஊர் ஊராக இந்தியா காபி ஹவுஸ் நடத்தி, வீட்டில் எப்படிப் போடுவது என்று மக்களுக்குக் காட்டிய அமைப்பு இது. பிறகு வந்த பொதுத் தொகுப்பு முறையில், அதாவது தோட்டக்காரர்கள் கொட்டையை வாரியத்திடம் கொடுக்க, வாரியமே விற்ற முறையில், உள்நாட்டுக்கென்று தனி ஏலம் இருந்தது. அந்த முறையில் தோட்டக்காரருக்குப் பணம் தவணை தவணையாகத் தாமதமாகப் போன குறை எனக்குத் தெரியும். 1990-களில் அதை எடுத்ததும் சரிதான், திரும்பக் கொண்டுவரச் சொல்லவில்லை. ஆனால் தொகுப்போடு சேர்ந்து உள்நாட்டுச் சிறு வியாபாரிக்கு இருந்த வாசலும் மூடிவிட்டது. அதற்குப் பதிலாக வேறு வாசல் யாரும் வைக்கவில்லை.

இன்று புதிய பகுதிக் கொட்டையை வாங்க ஒரு சிறு கடைக்காரர் முயன்றால் என்ன நடக்கிறது என்று சொல்கிறேன். அரக்குக் கொட்டை நன்றாக இருக்கிறது, பில்டரில் புளிப்புக் கொஞ்சம் தூக்கலாக வந்தாலும் ரோபஸ்டாவோடு சேர்த்தால் அருமையான மணம் தரும் என்று கேள்விப்பட்டு விசாரித்தேன். நேராக வாங்க வேண்டுமானால் லாரி அளவில் எடுங்கள் என்றார்கள். இரண்டு மூட்டை கேட்டால் வழியில் இரண்டு மூன்று கை மாறி வருகிறது. ஒரு வியாபாரி அரக்கு என்று அனுப்பிய மூட்டையில் பல அளவுக் கொட்டை கலந்திருந்தது, கறுப்பும் உடைசலும் இருந்தன, வறுத்தால் ஒன்று கருகும்போது இன்னொன்று வேகாமல் நின்றது. எந்த மலை, எந்தப் பருவம், எங்கே தோல் நீக்கியது என்று கேட்டால் பதில் இல்லை. கொட்டை மேல் எனக்குக் கோபம் இல்லை. அதே மலையில் பழுத்த பழமாகப் பார்த்துப் பறித்து, பழத்தோலை உரிக்கும் பல்ப்பர் இயந்திரத்தில் முறையாக விட்டு உலர்த்திய காபி பாரிஸில் விற்கிறது. நல்லது வெளியே போக, கழிவும் கலப்பும் உள்ளூருக்கு வருகிறது என்றால், புவிசார் குறியீட்டினால் உள்நாட்டில் காபி குடிக்கிறவருக்கு என்ன லாபம்?

வெளிநாட்டிலிருந்து வாங்கிக்கொள்ளலாமே என்று சொல்பவர்களும் உண்டு. இறக்குமதிக் காபிக்கு அடிப்படைச் சுங்கவரியே 100 சதவீதம். மறு ஏற்றுமதிக்காக இன்ஸ்டன்ட் காபி தயாரிக்கும் ஆலைகளுக்கு வரியில்லாமல் கொண்டுவர வழி இருக்கிறது, எங்களுக்கு இல்லை. இருக்கவும் வேண்டாம். இந்த வரி நம் தோட்டக்காரருக்குப் பாதுகாப்பு, அதில் கைவைக்கச் சொல்ல மாட்டேன். ஆனால் இந்த நாட்டுக் கொட்டையை மட்டுமே நம்பியிருக்கும் எங்களுக்கு அது ஒழுங்காகக் கிடைக்கும் வழியை யோசிக்கும் பொறுப்பு வாரியத்துக்கு உண்டு.

எனவே கேட்கிறேன். புதிய பகுதிக்கு நாற்றும் மானியமும் ஒதுக்கும் அதே உத்தரவில், பழம் பதப்படுத்தும் வசதிக்கும் ஒதுக்குங்கள். திண்டுக்கல் மாவட்டத்தில் பட்டிவீரன்பட்டி போல ஒரு ஊர், பழனி மலைக் காபி எல்லாம் இறங்கி வந்து தோல் நீக்கி, தரம் பிரித்து, மூட்டையாகும் இடம், அரக்குக்கும் கோராபுட்டுக்கும் அருகில் வளர வேண்டும். கொட்டை நூற்றுக்கணக்கான மைல் பயணம் செய்து வேறு மாநிலத்துச் சரக்கோடு கலந்த பிறகு, அதன் பெயரும் சுவையும் மிஞ்சாது.

அப்புறம், 50 கிலோ மூட்டையை விற்பனை அலகாக வைத்து, சிறு வறுவையாளர்களுக்கென்று ஒரு ஏற்பாடு வேண்டும். பழங்குடிக் கூட்டுறவுகளும் விவசாயி உற்பத்தியாளர் நிறுவனங்களும் தங்கள் விளைச்சலில் ஒரு பங்கை அதற்கு ஒதுக்கட்டும். மூட்டை மேல் மலை, பருவம், தரம், ஈரப்பதம் நான்கும் அச்சாகி இருக்கட்டும். பணத்தை நாங்கள் முன்னதாகவே கட்டத் தயார். பத்துக் கடைகள் சேர்ந்து ஒரு வண்டி எடுக்கவும் தயார். சேர்த்து வைக்க ஆள் இல்லை என்பதுதான் சிக்கல். அதைச் செய்ய வாரியத்தால் முடியும். ருசி பார்த்து மதிப்பெண் போட உங்களிடம் ஆய்வகம் இருக்கிறது, வறுப்பது, போடுவது பற்றிக் காபி சாஸ்திரா என்ற பயிற்சி நடத்துகிறீர்கள், வறுக்கும் அரைக்கும் இயந்திரங்களுக்கு மானியம் தந்திருக்கிறீர்கள். இயந்திரத்துக்கு உதவி செய்துவிட்டு, அதில் போடக் கொட்டை கிடைக்கும் வழியைச் செய்யாமல் விட்டால் எப்படி?

வாரியத்தில் 33 பேர். தோட்டக்காரர், வணிகர், பதப்படுத்துவோர், தொழிலாளர், நுகர்வோர் என்று இடங்கள் இருக்கின்றன. வணிகர் என்றால் பெரும்பாலும் ஏற்றுமதியாளர் என்றே பொருள் கொள்ளப்படுகிறது. அடுத்த முறை உறுப்பினர்களை அமைக்கும்போது, கடை வைத்து வறுத்து விற்கும் ஒருவரையாவது மத்திய அரசுக்குப் பரிந்துரை செய்யுங்கள்.

விரிவாக்கம் என்றதும் தொலைவில் உள்ள மலைகளையே பார்ப்பதிலும் எனக்கு ஒரு வருத்தம் உண்டு. எங்களுக்கு மிக அருகில், பழனி மலையின் தாண்டிக்குடியிலும் பண்ணைக்காட்டிலும், மலைவாழைக்கும் ஆரஞ்சுக்கும் மிளகுக்கும் நடுவில், நிழலில் அருமையான அராபிக்கா விளைகிறது. தாண்டிக்குடியில் உங்கள் ஆராய்ச்சி நிலையமே இருக்கிறது. ஏற்காட்டில் 1820-களிலிருந்து காபி உண்டு. இந்தத் தோட்டங்களில் பல இடங்களில் செடி கிழடாகிவிட்டது, தண்டு துளைப்பான் பூச்சி செடியைச் சாய்க்கிறது, பறிக்க ஆள் கிடைப்பதில்லை. புதிய ஏக்கருக்குத் தரும் கவனத்தில் பாதியை இந்தப் பழைய செடியைப் பிடுங்கி மறுநடவு செய்யக் கொடுத்தால், காட்டில் ஒரு மரத்தையும் தொடாமல் விளைச்சல் கூடும். ஐரோப்பிய ஒன்றியத்தின் காடழிப்பு விதியும் 2020 டிசம்பர் 31-க்குப் பிறகு காடழித்த நிலத்து விளைபொருளை வாங்கக் கூடாது என்றுதான் சொல்கிறது. அதை ஏற்றுமதிக்கான நிபந்தனை என்று மட்டும் பார்க்காதீர்கள். காடழித்து விளைந்த காபியை எங்கள் வாடிக்கையாளர்களுக்கு விற்கவும் எனக்கு மனம் வராது.

இன்னொன்று, பூச்சி. காபிக் காயைத் துளைத்து உள்ளே இருக்கும் காய் துளைப்பான் இந்தியாவில் முதலில் தென்பட்டது 1990-இல், நம் நீலகிரிக் கூடலூரில். அங்கிருந்து வயநாடு, குடகு என்று எல்லா மலைக்கும் போனது. 2025-இல் அரக்குப் பகுதியிலும் கண்டுபிடித்திருக்கிறார்கள். துளைத்த கொட்டை எடை குறையும், வறுக்கும்போது சீராக வேகாது, அரைத்தால் மணமே இருக்காது. காபிப் பகுதி பரவும் வேகத்தில் பூச்சியைக் கண்காணிக்கும் களப்பணியாளரும் போக வேண்டும். கூடலூரிலிருந்து கற்றதை அரக்கில் ஆரம்பத்திலேயே செய்யுங்கள், தரையில் உதிர்ந்த காயைப் பொறுக்கி எடுக்கக் கூலி மானியம் கொடுங்கள்.

தினமும் காபி விலையை வெளியிடுகிறீர்கள், அதைப் பார்த்துத்தான் எங்கள் கடை திறக்கிறது. அந்தப் பட்டியலில் இனி அரக்கு, கோராபுட் கொட்டையின் உள்நாட்டு விலையையும் தனியாகப் போடுங்கள். விலை வெளியே தெரிந்தால் பழங்குடி விவசாயியை ஏமாற்றுவதும் கடினம், எங்களை ஏமாற்றுவதும் கடினம்.

நவம்பரில் அராபிக்காப் பறிப்பு தொடங்கிவிடும். அதற்கு முன் மதுரையிலோ கோவையிலோ சிறு வறுவையாளர்களையும் இந்தப் புதிய பகுதிக் கூட்டுறவுகளையும் ஒரு நாள் ஒரே அறையில் உட்கார வையுங்கள். அவர்கள் மாதிரிக் கொட்டை கொண்டு வரட்டும். வறுக்கும் இயந்திரமும் பில்டரும் நாங்கள் கொண்டு வருகிறோம். அங்கேயே போட்டுக் குடித்துப் பார்த்து, யாருக்கு எத்தனை மூட்டை என்று அன்றைக்கே எழுதிக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
மதுரையிலிருந்து ஒரு காபித்தூள் கடைக்காரர்